ஆராய்ச்சிக்காரர் நம்ம கரைக்கு வந்தபோது

நிலாவெளியிலிருந்து:
கடல் ஆய்வாளர்கள் எங்கள் திருகோணமலைப் பக்கம் வந்து கூட்டம் வைப்பது புதிதல்ல. பாடசாலை மண்டபம், காலை பத்து மணி, குத்துவிளக்கு, பொன்னாடை. இரவுத் தொழிலுக்குப் போனவன் அந்த நேரம் மீனை விற்றுவிட்டுப் படுத்திருப்பான். முன்வரிசையில் அதிகாரிகள், பின்னால் சீருடைப் பிள்ளைகள். கூட்டம் நடந்ததாக அறிக்கை எழுத அது போதும்.

போன பங்குனியில் வந்த இரண்டு பெண் பிள்ளைகள் வேறு மாதிரி. பின்னேரம் கரையிலுள்ள மீனவர் குடிலான வாடிக்கே வந்து, வலை பொத்திக்கொண்டிருந்தவர்களுக்குப் பக்கத்தில் மணலில் குந்திவிட்டார்கள். நீலத் திமிங்கிலத்தின் குரலை லப்டொப்பில் போட்டார்கள். அது நம் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த ஒலியாம், வேகத்தைக் கூட்டினால்தான் கேட்குமாம்.

ஒரு பெரியவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "தங்கச்சி, எங்கட எஞ்சின் சத்தத்தில உது ஒண்டுக்கொண்டு கதைக்கிறது கேக்குமே?"

அப்புறம் லப்டொப்பை யாரும் பார்க்கவில்லை. பெரிய கப்பல்களின் இரைச்சலும் அதே தாழ்ந்த ஒலிதான், திமிங்கிலத்தின் பேச்சை அமுக்குவது அதுதான், சின்ன போட்டின் எஞ்சின் சத்தம் பெரும்பாலும் அதைவிட உயர்ந்தது என்று விளக்கினார்கள். மற்றக் கடல்களில் நீலத் திமிங்கிலங்கள் இரை தேடித் துருவப் பக்கம் போகும், இங்குள்ளவை வட இந்து சமுத்திரத்திலேயே சுற்றும் என்றதும், "அப்ப எங்கட ஆக்கள்தான்" என்று ஒருவன் சொல்ல, வாடியே சிரித்தது. இருட்டும் வரை ஒருவரும் எழும்பவில்லை.

கிண்ணியாவிலிருந்து:
எங்களுக்கு நடந்த கூட்டம் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவின் பவளப்பாறை பற்றி. அசர் தொழுகைக்குப் பிறகு, ஒரு வீட்டு முற்றத்தில், பெண்களுக்கு மட்டும். ஆண்கள் இருந்திருந்தால் பாதிக் கேள்வி வந்திராது. "வெளுத்தால் செத்துப்போச்சா?" என்று என் மாமி கேட்டா. உடனே இல்லையாம். தண்ணீர் சூடேறினால் பவளம் தனக்குள் இருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடும், அதனால்தான் வெள்ளை. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், நீடித்தால் பட்டினியில் சாகும். மாமி இப்போது அதை ஊருக்கே சொல்லித் திரிகிறா.

மூதூரிலிருந்து:
நல்லாத்தான் கதைக்கிறார்கள். ஆனால் எங்கள் கரையிலும் வந்து கேட்டார்கள், எழுதினார்கள், போனார்கள். கடைசியில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று எவரும் வந்து சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் தமிழில் ஒரு பக்கம் அனுப்பினாலே காணும்.