1,850 ரூபாய்க்காக அப்பாவின் கடைக் கணக்கையே முடக்கிவிட்டார்கள், என்ன செய்வது?

மளிகைக்கடை மகள்:
அப்பா தேனிப் பக்கம் இருபத்திரண்டு வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். போன மாதம் வெளியூர் ஆள் ஒருவர் ஒரு சிப்பம் அரிசியும் இரண்டு பாக்கெட் எண்ணெயும் வாங்கி, ஸ்கேன் செய்து 1,850 ரூபாய் அனுப்பியிருக்கிறார். பணம் வந்ததாகப் பெட்டி சத்தமாகச் சொன்னது, அப்பா பொருளைக் கட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான் நடந்தது. அரிசி மண்டிக்குக் கொடுத்த செக் திரும்பி வந்தபோதுதான் கணக்கு முடங்கிக் கிடப்பதே எங்களுக்குத் தெரியும். உள்ளே 1,86,000 ரூபாய் இருக்கிறது, ஒரு பைசா எடுக்க முடியவில்லை. வங்கியில் கேட்டால், "சைபர் கம்ப்ளெயின்ட்மா, வடக்கே ஒரு ஸ்டேட் போலீஸ் போட்டது, அங்கே பேசிக்கோங்க" என்று முடித்துவிட்டார்கள்.

அப்பா ஸ்கேனர் அட்டையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார். வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்கிறார், போலீஸ் கேஸ் என்று ஊரில் பேசுவார்களாம். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இதற்கு நடுவில் யாரோ ஒருவர் போன் செய்து 15,000 கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்கிறார். கொடுத்துத் தொலைக்கலாமா?

ஈரோட்டு மொபைல் கடை:
கொடுக்காதீங்க தங்கச்சி, அந்த நம்பரை முதலில் பிளாக் பண்ணுங்கள். எனக்கும் இதே கதை, போன வருடம், 3,200 ரூபாய்க்கு.

நடப்பது இதுதான். எங்கோ ஒருவர் பணத்தை ஏமாந்துவிட்டு 1930-க்கு, அதாவது சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு, அடிக்கிறார். அந்தப் பணம் முதலில் போன கணக்கு, அங்கிருந்து பிரிந்து போன கணக்குகள், அவற்றிலிருந்து போன கணக்குகள் என்று அடுக்கடுக்காகத் துரத்திக்கொண்டே போவார்கள். உங்கள் அப்பா நாலாவது ஐந்தாவது அடுக்கில் மாட்டியிருப்பார். அவர் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை, பணம் கை மாறிய தடத்தில் அவர் கடை இருக்கிறது, அவ்வளவுதான். இதை அப்பாவுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள், என் வீட்டில் இதைப் புரியவைக்கத்தான் ரொம்ப நாள் ஆனது.

வங்கியில் வாய்வார்த்தையை வாங்கிக்கொண்டு வராதீர்கள். புகாரின் அக்னாலெட்ஜ்மென்ட் நம்பர் (புகாரைப் பதிவு செய்ததற்கான எண்), எந்த மாநிலம், எந்த ஸ்டேஷன், பிரச்சினைக்குரிய தொகை எவ்வளவு, இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள். அந்த நம்பர் கையில் இல்லாமல் யாருக்கு மெயில் போட்டாலும் பதில் வராது. கிடைத்ததும் அந்த ஸ்டேஷனுக்கு மெயில் அனுப்புங்கள்: அப்பாவின் ஆதார், கடை லைசென்ஸ், அந்த நாளின் ஸ்டேட்மென்ட், பில் இருந்தால் பில், இல்லையென்றால் அன்றைய கணக்கு நோட்டின் போட்டோ. நான் நோட்டைத்தான் அனுப்பினேன். சைபர் கிரைம் தளத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் நோடல் அதிகாரி (இந்தப் புகார்களுக்குப் பொறுப்பானவர்), குறைதீர் அதிகாரி விவரம் இருக்கிறது, அவர்களுக்கும் காப்பி போடுங்கள். நாலு மெயிலுக்குப் பதில் இல்லை, ஐந்தாவதற்கு வந்தது. ஏழு வாரம் ஆனது, பொய் சொல்ல மாட்டேன்.

கோர்ட் வாசல்:
வக்கீலாக இருக்கிறேன், இந்த மாதிரி ஆட்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள், எல்லாரும் இவரைப் போலச் சின்ன வியாபாரிகள். பார்க்கப் பார்க்கக் கோபம்தான் வருகிறது.

1,850 ரூபாய்க்குச் சந்தேகம் என்றால் 1,850 ரூபாயை நிறுத்தி வைக்கட்டும், மீதியைத் தொட என்ன காரணம்? கேரள உயர் நீதிமன்றம் 2023-லும், நம் சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லின: சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைப் புழங்க விடு என்று. கணக்கை முடக்கும் போலீஸ் அதை மாஜிஸ்ட்ரேட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-வது பிரிவிலேயே இருக்கிறது. பழைய சட்டமான சி.ஆர்.பி.சி.யில் 102 என்றிருந்ததுதான் இது. வங்கிக்குக் கொடுக்கும் கடிதத்தில் இதைக் குறிப்பிட்டு, "முழு முடக்கத்தை நீக்கி 1,850-க்கு மட்டும் லியன் வையுங்கள்" என்று எழுதுங்கள், லியன் என்றால் அந்தத் தொகையை மட்டும் எடுக்க முடியாமல் நிறுத்தி வைப்பது. மசியவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம், ஆனால் முதலில் கடிதம் போகட்டும்.

இன்னொன்று அவசரம். திரும்பி வந்த செக்குக்கு மண்டிக்காரர் நோட்டீஸ் அனுப்பினால், கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் 138 வழக்காகிவிடும், அதாவது செக் திரும்பியதற்கான குற்ற வழக்கு. அவரை இன்றே நேரில் பார்த்து வங்கிக் கடிதத்தைக் காட்டுங்கள், பணத்தை வேறு வழியில் புரட்டிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

முன்னாள் கேஷியர்:
அம்மா, நான் கவுண்டரில் முப்பது வருடம் இருந்தவன். கிளையில் இருப்பவர்களுக்கே அந்த நம்பர் தெரியும், ஸ்கிரீனில் வரும். தர மாட்டேன் என்றால் கடிதம் கொடுத்து நகலில் சீலோடு கையெழுத்து வாங்குங்கள். அதிலிருந்து 30 நாளில் ஒழுங்கான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம், அதாவது வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரியிடம், புகார் செய்யலாம், செலவு கிடையாது. சீல் இல்லாத நகலுக்கு மதிப்பில்லை, அதை மட்டும் மறக்காதீர்கள்.

மளிகைக்கடை மகள்:
எல்லாருக்கும் நன்றி அண்ணா. அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டேன். மண்டிக்காரரிடம் அப்பாவே போய்ப் பேசினார், அவர் நோட்டீஸ் எல்லாம் அனுப்ப மாட்டேன் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நாளைக்குக் கடிதத்தோடு கிளைக்குப் போகிறேன். அதுவரை கடையில் ஸ்கேனரே வேண்டாமா? பாதிப் பேர் சில்லறை இல்லை என்று திரும்பிப் போகிறார்கள்.

ஈரோட்டு மொபைல் கடை:
ஸ்கேனர் இல்லாமல் இப்போது கடை நடக்காது. வேறு வங்கியில் அப்பா பெயரில் புதிதாக ஒரு கரண்ட் அக்கவுண்ட் திறந்து அதன் அட்டையை வையுங்கள், ராத்திரி கடை சாத்தும்போது பெரிய தொகையை அதில் விட்டுவைக்காமல் வீட்டுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். தெரியாத ஆள் "ஜிபே பண்றேன், கேஷ் கொடுங்க" என்றால் மட்டும் கண்டிப்பாக முடியாது என்று சொல்லச் சொல்லுங்கள். நான் மாட்டியது அப்படித்தான்.