ரம்பம் பேர் போட்ட மோட்டோர்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

செந்தூல்வாசி:
செகாம்புட்டில் ஒரு பட்டறையில் எண்ணெய் மாற்றக் காத்திருந்தேன். ஒரு ஹைலக்ஸ் பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் பட்டை போட்டு இறுக்கிக் கட்டிய ஹஸ்க்வர்னா எஃப்சி 450, மண் தடத்தில் ஓடும் மோட்டோகிராஸ் போட்டி மோட்டோர். இதே பேரில் செயின்சோ, அதாவது மரம் அறுக்கும் மெஷின் ரம்பமும் உண்டு. பக்கத்தில் இருந்த பெரியவர் பேராக் தோட்டத்தில் வளர்ந்தவராம். பேரைப் படித்துவிட்டு, “இது மரம் அறுக்கிற ரம்பம்ல தம்பி?” என்றார். ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்ட ஆள், வேறென்ன கேட்பார்!

கிட்டப்போய்ப் பார்த்தேன். விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை, பக்க ஸ்டாண்டு கூட இல்லை. இறக்கியதும் முக்கோணக் கட்டை ஒன்றைச் செருகித்தான் நிறுத்தினார்கள். 450 சிசி வண்டி, எடை நூறு கிலோவை ஒட்டித்தான். தினமும் நான் ஓட்டும் சின்ன யமஹா ஒய்15 அதைவிடக் கனம். சீட்டு மட்டும் என் இடுப்புக்கு மேலே. இடது கைப்பிடியோரம் ஒரு சின்ன சுவிட்சு: 1, 2, டிசி (டிராக்ஷன் கண்ட்ரோல்). ஒன்றில் இழுவை சாதுவாக வரும், இரண்டில் முறுக்கியதும் பாயும். டிசி போட்டால் சேற்றில் பின்சக்கரம் சும்மா சுற்றுவது குறையும். வண்டிக்காரர் நல்ல மனுஷன், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.

கிள்ளான் அண்ணன்:
பெரியவரிடம் சொல்லுங்கள், மோட்டோர்தான் மூத்தது. ஹஸ்க்வர்னா ஸ்வீடனில் 1689-ல் துப்பாக்கித் தொழிற்சாலையாக ஆரம்பித்த இடம். மோட்டார் சைக்கிள் 1903-ல், செயின்சோ 1959-ல்.

காட்டு ஓட்டத்தில் அவர்கள் கொடி பறந்தது 60-களில். மற்றவர்கள் கனமான நாலு ஸ்ட்ரோக்கை நம்பிக்கொண்டிருந்தபோது, இவர்கள் இலேசான 250 சிசி டூ ஸ்ட்ரோக்கைக் கொண்டுவந்தார்கள். டோர்ஸ்டன் ஹால்மன் அதில் 1962, 63, 66, 67 என நான்கு முறை உலகச் சாம்பியன். 1966-ல் அவர் அமெரிக்காவுக்குப் போய் ஓட்டிக் காட்டிய பிறகுதான் அங்கே பலருக்கு மோட்டோகிராஸ் பைத்தியமே பிடித்தது. பெரிய 500 சிசி பிரிவிலும் பில் நில்சன், ரோல்ஃப் டிப்ளின், பெங்ட் ஓபெரி என்று வரிசையாக ஸ்வீடன்காரர்கள்.

அப்புறம் மோட்டோர் பிரிவு கைமாறியது: 1987-ல் இத்தாலியின் கஜீவா, 2007-ல் பிஎம்டபிள்யூ, 2013-ல் கேடிஎம் மோட்டோர் கம்பெனியின் அப்போதைய முதலாளி பியரர். இப்போது ஆஸ்திரியாவில், கேடிஎம்மின் ஊரான மாட்டிக்ஹோஃபனில் தயாராகிறது. இன்ஜினும் சட்டமும் கேடிஎம்மோடு பங்கு. “வெள்ளைச் சாயம் பூசிய கேடிஎம்” என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். 2018-ல் ஜேசன் ஆண்டர்சன் அமெரிக்க 450 சூப்பர்கிராஸ் (ஸ்டேடியத்துக்குள் மண் கொட்டி நடத்தும் போட்டி) பட்டத்தை இந்த எஃப்சி 450-ல்தானே அடித்தார்? ஹஸ்க்வர்னாவுக்கு அந்தப் பட்டம் அதுதான் முதல் தடவை.

புக்கிட் மெர்தாஜாம் பையன்:
நான் ஓட்டியே பார்த்துவிட்டேன், கூட்டாளியின் எஃப்சி 250. செம்பனைத் தோட்டத்து ஓரம், முந்தின நாள் மழை, முழங்கால் வரை செம்மண். பட்டனைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆனது, அதுவரை சந்தோஷம். மூன்றாவது கியரில் கொஞ்சம் முறுக்கினேன், முன்சக்கரம் மேலே எழும்பியது. இரண்டு சுற்றுக்குள் முன்கை கல்லாகிவிட்டது, கிளட்ச்சைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. கப்சாய் என்கிற சின்ன ரோட்டு மோட்டோர் ஓட்டிய அனுபவம் இங்கே ஒரு காசுக்கு உதவாது. முதலில் நின்றுகொண்டு ஓட்டப் பழக வேண்டும்.

இன்னொன்று, இதற்குக் கிலோமீட்டர் கணக்குக் கிடையாது, மணிக்கணக்குதான். எண்ணெய், பிஸ்டன் எல்லாம் இன்ஜின் ஓடிய நேரத்தை வைத்து மாற்றுவது. செகண்ட் ஹேண்டு வாங்குகிறவர்கள் முதலில் மணி மீட்டரைப் பாருங்கள், ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

செராஸ் புதுசு:
ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவு செய்து வேலைக்கு ஓட்டிப் போகலாமா, அண்ணே?

கிள்ளான் அண்ணன்:
முடியாது தம்பி. இது போட்டிக்கென்றே செய்த வண்டி, ரோட்டுக்கு ஆகாது. ஆசையாக இருந்தால் ஹைலக்ஸில் ஏற்றி ஆபீஸ் வாசலில் காட்டிவிட்டுப் போ.