வைஃபை ஸ்கேனர் போனோடு சேர்கிறது, காரோடு சேர மறுக்கிறது: உதவி தேவை

ஈரோடு_வண்டி:
வணக்கம். என்னுடையது 2011 மாடல் பெட்ரோல் கார். ஒரு வாரமாக செக் எஞ்சின் லைட் எரிகிறது. நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று ஆன்லைனில் மலிவாக ஒரு எல்ம்327 வைஃபை ஸ்கேனர் (கார் கம்ப்யூட்டரிலிருந்து பழுதுக் கோடைப் படித்து போனில் காட்டும் கருவி) வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, இந்த மாதிரிக் கருவிகளை மாட்டுகிற ஓபிடி சாக்கெட்டில் செருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது. ஐஃபோன் அதன் வைஃபையில் சேர்ந்துவிடுகிறது. ஆப்பைத் திறந்தால் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூன்று ஆப் மாற்றியாயிற்று. புளூடூத் வாங்கியிருக்க வேண்டுமோ?

கியர்பாக்ஸ்:
இல்லை, ஐஃபோனுக்கு வைஃபைதான் சரி. மலிவான பழைய வகை புளூடூத் ஸ்கேனர் அதோடு சேரவே சேராது. முதலில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். ஸ்கேனரின் வைஃபையில் இணையம் கிடையாது, அதனால் ஆப் டேட்டா வழியாகத் தேடிக்கொண்டிருக்கலாம். ஆப் செட்டிங்கில் ஐபி 192.168.0.10, போர்ட் 35000 இருக்கிறதா பாருங்கள். அப்புறம் போன் செட்டிங்கில் அந்த ஆப்புக்கு 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி. முதல்முறை கேட்கும்போது பலர் வேண்டாம் என்று தட்டிவிடுவார்கள்.

ஈரோடு_வண்டி:
அதேதான், நானும் தட்டியிருக்கிறேன்! இப்போது 'ஸ்கேனர் இணைந்தது' என்று வருகிறது. ஆனால் அடுத்த வரியிலேயே 'இசியு பதில் இல்லை', அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் பேசவில்லை.

பழைய_மெக்கானிக்:
தம்பி, சாவி எந்த நிலையில் இருக்கிறது? சிவப்பு விளக்கை நம்பாதீர்கள். சாக்கெட்டின் 16ஆம் பின்னுக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் வருகிறது, சாவி இல்லாமலே எரியும். பாட்டு கேட்கிற நிலை போதாது, இக்னிஷன் ஆன் ஆக வேண்டும்.

ஈரோடு_வண்டி:
எஞ்சினை ஓடவிட்டே பார்த்துவிட்டேன் அண்ணே. அதே பதில்தான்.

பழைய_மெக்கானிக்:
சரி, ஸ்கேனரைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து சாக்கெட்டுக்குள் பாருங்கள். அகலமான பக்கத்தை மேலே வைத்துக்கொண்டால் மேல் வரிசை இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ் வரிசை 9 முதல் 16. 6இலும் 14இலும் உலோகம் தெரிந்தால் வண்டி 'கேன்' என்கிற புதிய பாஷையில் பேசுகிறது. அவை காலியாக இருந்து 7இல் மட்டும் இருந்தால் கே-லைன், அதாவது பழைய பாஷை. அப்படியென்றால் ஆப்பில் புரோட்டோகாலை, அதாவது அந்தப் பாஷையை, 'ஆட்டோ'வில் விடாமல் ஐஎஸ்ஓ 14230 என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். சில போலி ஸ்கேனர்கள் ஆட்டோவில் தடுமாறும். சிலவற்றுக்குக் கேன் தவிர வேறு எதுவும் தெரியாது, அதுவாக இருந்தால் காசு போச்சு.

கியர்பாக்ஸ்:
பெட்டியில் பதிப்பு 1.5 என்று போட்டிருக்கிறதா? அசல் எல்ம்327 சிப்பை உருவாக்கிய எல்ம் எலக்ட்ரானிக்ஸ் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. போலிக்காரர்கள் வைத்த நம்பர்.

ஈரோடு_வண்டி:
1.5 என்றே போட்டிருக்கிறது, கேவலம். ஆனால் வேலை செய்துவிட்டது! 6, 14 இரண்டும் காலி, 7இல் உலோகம் இருந்தது. 14230இல் 'ஸ்லோ', 'ஃபாஸ்ட்' என்று இரண்டு இருந்தன. ஸ்லோவில் வரவில்லை, ஃபாஸ்ட் போட்டதும் ஆர்பிஎம் முள் ஆடியது. பழுதுக் கோடு பி0135.

பழைய_மெக்கானிக்:
முன்பக்க ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். உடனே சென்சார் வாங்கிவிடாதீர்கள். முதலில் ஃப்யூஸ். அது நன்றாக இருந்தால் எஞ்சின் ஆறிய பிறகு சென்சார் பிளக்கைக் கழற்றி, ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்களுக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். சில ஓம்ஸ் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது, ஒயரிங்கைத் தேடுங்கள். இன்னொன்று: ராத்திரி ஸ்கேனரைச் செருகியே விடாதீர்கள், பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஈரோடு_வண்டி:
ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது. இரண்டு வெள்ளை ஒயருக்கும் நடுவே மீட்டர் அசையவே இல்லை, ஹீட்டர்தான் போயிருக்கிறது. புது சென்சாருக்கு ஆர்டர் சொல்லிவிட்டேன் அண்ணே, வந்ததும் மாட்டிவிட்டு எழுதுகிறேன்.