பச்சிளங்குழந்தையின் மார்பு வீக்கத்தைப் பிழிந்துவிடலாமா?

கேள்வி:
என் மகன் பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. நிறைமாதக் குழந்தை, எடை 3.1 கிலோ. நான்கு நாளாக அவனுடைய இரண்டு மார்பும் சுண்டைக்காய் அளவுக்குத் திரண்டிருக்கின்றன; நேற்று ஒரு காம்பில் வெள்ளையாக ஒரு துளி கசிந்தது. குளிப்பாட்ட வரும் பாட்டி, எண்ணெய் தடவிப் பிழிந்துவிடாவிட்டால் பால் கட்டிக்கொள்ளும் என்கிறார். எங்கள் ஊர்க் குழந்தைகள் பலரையும் காலில் கிடத்திக் குளிப்பாட்டியவர் என்பதால், வீட்டில் அவரை மறுத்துப் பேச எல்லோரும் தயங்குகிறார்கள். ஆண் குழந்தைக்குப் பால் கசிவது நோயா?

மறுமொழி 1:
குழந்தை மருத்துவராகச் சொல்கிறேன், தயவுசெய்து பிழிய விடாதீர்கள். இது நோயன்று. கருவில் இருக்கும்போது தாயின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் சென்று பால் சுரப்பித் திசுவை வளரச் செய்கிறது. பிறந்தபின் அது சட்டென்று குறைந்து, குழந்தையின் உடலிலுள்ள, பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் மேலோங்குவதால், ஆண், பெண் இருபாலருக்கும் சில துளி பால் சுரப்பதுண்டு. தொடாமல் விட்டால் பெரும்பாலும் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், தானே வற்றிவிடும். பிழியப் பிழியச் சுரப்பு நீடிக்கும். அதைவிடக் கொடியது, தோலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி காம்பின் வழியே உள்ளே புகுந்து சீழ் பிடிப்பதாகும். ஒரு பக்கம் மட்டும் சிவந்து சூடானாலோ, தொட்டால் குழந்தை வீறிட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சல் இல்லாமலும் சீழ் கட்டும் என்பதால், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மறுமொழி 2:
என் மகளுக்கு இரண்டாம் வாரத்தில் இப்படித்தான் பிழிந்துவிட்டார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாம் நாள் வலது மார்பு தக்காளித் தோல்போல் சிவந்து மினுமினுத்தது. ஐந்து நாள் மருத்துவமனையில் வைத்து நரம்பு வழியே மருந்து ஏற்றி, ஸ்கேன் பார்த்து ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்தார்கள். காம்புக்கு அடியில், பின்னாளில் மார்பாக வளரவேண்டிய மொட்டுப் போன்ற திசு சிதைந்தால் பருவ வயதில் அந்த மார்பு சிறுத்துப்போகக்கூடும் என்பதாலேயே கத்தி வைக்கவில்லை என்று மருத்துவர் விளக்கினார். அவளுக்கு இப்போது 4 வயது. பாதிப்பு உண்டா இல்லையா என்பது அவள் பூப்பெய்தும் வயதில்தான் தெரியவரும். அதுவரை எனக்கு இந்த அச்சம் இருந்துகொண்டே இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
இரண்டு மறுமொழிகளையும் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். முன்பொரு பிள்ளைக்கு அப்படிச் சீழ் வைத்ததை அவரே நினைவுகூர்ந்து, அதைத் திருஷ்டி என்றுதான் அப்போது எண்ணியதாகச் சொன்னார். இன்று காலை மார்பில் விரல் படாமல் நீர் வார்த்து, பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்தார்.