கரைப்பானில்லாத பிஜினெல்லி தாக்கம்: மைக்ரோவேவில் நடுப்பகுதி கருகுது, ஓரம் அப்படியே கிடக்குது

நிலா_வெள்ளவத்தை:
வணக்கம். கொழும்பில இரசாயனவியல் இறுதி வருடம் படிக்கிறன். பிஜினெல்லி தாக்கம் (மூண்டு சேர்மங்கள் ஒண்டாச் சேர்ந்து ஒரு வளையச் சேர்மம் தாறது) செய்யிறன். பென்சல்டிகைட்டு, எதில் அசற்றோஅசற்றேற்று, யூரியா மூண்டையும் கே-10 எண்ட அமில ஊக்கிக் களிமண்ணோட உரலில அரைச்சு, ஆய்வுகூடத்தில இருக்கிற 800 வாற்று வீட்டு வகை மைக்ரோவேவில ‘மீடியம்’ வச்சு 4 நிமிஷம் விடுறன். ஒருநாள் நல்ல வெளிர்நிறத் திண்மம் வருது. இன்னொரு நாள் அதே அளவுகளுக்கு நடுவில மண்ணிறமாக் கருகுது, ஓரத்தில பென்சல்டிகைட்டு மணம் போகவே இல்லை. அமோனியா நெடியும் அடிக்குது. எங்க பிழைக்குது?

பழைய_டெமோ:
தங்கச்சி, வலுவையே குறைக்கக்கூடிய இன்வேட்டர் வகை அடுப்பு இல்லாட்டி ‘மீடியம்’ எண்டது குறைஞ்ச வலு இல்லை. நுண்ணலையை உண்டாக்கிற மக்னெற்றோன் குழாய் முழு வலுவில கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நிக்கும், திரும்ப ஓடும். சின்னக் கலவை அந்த முழு வலுவைத்தான் வாங்குது. 2.45 கிகாஹேட்ஸ் அலையின்ர நீளம் 12.2 சென்ரிமீற்றர். அதால பெட்டிக்குள்ள ஏறத்தாழ 6 சென்ரிமீற்றருக்கு ஒருக்கா சூடான இடம் வரலாம். சுழல்தட்டைக் கழற்றிப்போட்டு, பொரிக்காத அப்பளங்களைப் பரப்பி ஓட விடுங்கோ. எங்க முதல்ல பொரியுதோ அங்கதான் சூடு. ஆய்வுகூட அடுப்பு எண்டபடியால் அந்த அப்பளத்தை ஒருத்தரும் சாப்பிடக்கூடாது.

உலர்_ஊடகம்:
அண்ணா சொன்னது சரி. ஆனால் ஒருநாளைக்கு ஒருமாதிரி வாறதுக்கு நான் முதல்ல சந்தேகப்படுறது ஈரத்தை. கொழும்புக் காத்தில கே-10 திறந்து கிடந்தால் தண்ணியை இழுக்கும். தண்ணி நுண்ணலையை நல்லா உறிஞ்சும், அதனால மழை நாள் களிமண்ணும் வெயில் நாள் களிமண்ணும் ஒரே மாதிரிச் சூடாகாது. 110 பாகை செல்சியசில உலர்த்தி, உலர்த்திக்குவளையில ஆறவிட்டுப் பாவியுங்கோ. பென்சல்டிகைட்டுப் போத்தல் வாயில வெள்ளைப் பொடி இருக்கா எண்டும் பாருங்கோ. அது காத்துப்பட்டு உண்டான பென்சோயிக் அமிலம்.

அமோனியா யூரியாவில இருந்துதான். யூரியா 133 பாகையில உருகும், அதுக்கு மேல சிதைஞ்சு அமோனியாவும் பையூரெற்றும் தரும். திண்மமா இருக்கேக்க நுண்ணலையைப் பெரிசா உறிஞ்சாது, உருகினாப் பிறகு நிறைய உறிஞ்சும். முதல்ல உருகின இடம் மேலும் மேலும் சூடாகிக் கருகிறது அதாலதான். முகவையை அலுமினாப் பொடிக்குள்ள புதைச்சு வையுங்கோ, மிஞ்சின சூட்டை அது வாங்கிக்கொள்ளும். 30 செக்கனுக்கு ஒருக்கா வெளியில எடுத்துக் கிளறி, டிஎல்சி (தாக்கம் எவ்வளவு முடிஞ்சுது எண்டு காட்டுற மென்படலத் தகட்டுச் சோதனை) பாருங்கோ.

நிலா_வெள்ளவத்தை:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. களிமண் போத்தல் மேசையிலதான் திறந்து இருக்கிறது, இண்டைக்கே உலர்த்திறன். இன்னொண்டு: விளைபொருளைப் பிரிக்க ஹெக்சேன்–எதில் அசற்றேற்று கொலம் (கரைப்பானை ஊத்திப் பொருட்களைப் பிரிக்கிற நிரல்) போடச் சொல்லுறாங்க. போடட்டா?

உலர்_ஊடகம்:
இதில மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டன். கரைப்பானில்லாத தொகுப்பு எண்டு தலைப்பு வச்சுப்போட்டுக் கடைசியில ஹெக்சேனை லீற்றர் கணக்கில ஊத்தினால், பச்சை இரசாயனவியல் தலைப்பில மட்டும்தான் இருக்கும். இரசாயனவியலாளர் ரொஜர் ஷெல்டன் 1992இல தந்த ஈ-காரணி, கழிவின்ர திணிவை விளைபொருளின்ர திணிவால பிரிக்கிறது. கொலத்தில போன கரைப்பானையும் அதில எண்ணிப் பாருங்கோ. இந்த விளைபொருள் திண்மம், உருகுநிலை 200 பாகைக்கு மேல. சூடான எதனோலில கரைச்சுக் களிமண்ணை வடிச்சு, அதே எதனோலில மீளப் பளிங்காக்கினால் காணும். களிமண்ணைக் கழுவி உலர்த்தித் திரும்பவும் போட்டுப் பாருங்கோ, அதுவும் அறிக்கைக்கு ஒரு நல்ல தரவு.

பழைய_டெமோ:
எதனோலை அந்த அடுப்புக்குள்ள சூடாக்கவே வேண்டாம். ஆவியும் ஒரு தீப்பொறியும் போதும், தீப்பிடிக்கும். வெளியில நீர்த்தொட்டியில சூடாக்குங்கோ. பாத்திரத்தை இறுக்கி மூடாதேங்கோ, அடுப்பைப் புகைபோக்கி அறைக்குள்ள வையுங்கோ.

அதே கலவையை எண்ணெய்த்தொட்டியில 100 பாகையிலயும் ஒருக்கா செய்யுங்கோ. நுண்ணலையின்ர ஒரு போட்டனின்ர (கதிர்ச்சக்தியின்ர தனிப் பொதியின்ர) சக்தி ஒரு பிணைப்பை உடைக்க எந்த விதத்திலயும் காணாது, வேகம் வாறது சூட்டால. எண்ணெய்த்தொட்டியிலயும் அதே விளைவு வந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கோ, பரீட்சகர் முதல்ல அதைத்தான் கேப்பார்.