ஊர் ஆவணத் தொகுப்பு: தேடலும் தேதியும் உதைக்கின்றன, உதவுங்கள்

வணக்கம். ஊர் நூலகத்தில் கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, குடும்பப் போட்டோக்களை ஸ்கேன் செய்து பொதுத் தொகுப்பாக்குகிறோம். அச்சுத்தாள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), போட்டோ 600. மூலப்பிரதி டிஃப் (TIFF) கோப்பாக, பார்வைக்கு ஜேபெக். அதில் சிக்கல் இல்லை.

தேடல்தான் படுத்துகிறது. ‘கொ’வில் வரும் குறியை ஒருவர் ஒரே குறியீடாக அடிக்கிறார், இன்னொருவர் ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாக. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் ‘கொடை’ என்று தேடினால் சில பதிவுகள் சிக்குவதில்லை. கோப்புப் பெயர்களை வெறும் எண்ணாக்கிவிட்டோம் (0412_01). எக்செல் விவரப் பட்டியல் தமிழில்தான் இருந்தாக வேண்டும். அதை மொத்தமாக யூனிகோடின் என்எஃப்சி (NFC) வடிவுக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் வடிவுக்கு மாற்ற, நிரல் எழுதத் தெரியாதவரும் இயக்கக்கூடிய வழி உண்டா?

அடுத்தது தேதி. ‘பவ வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருந்தால் 1935ஆ, 1995ஆ? விலை அணாவில் இருந்தால் பழையது. ஆறிலக்கப் பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தியது. இரண்டும் இல்லாதவற்றுக்கு ‘முந்தைய எல்லை’, ‘பிந்தைய எல்லை’ எனப் பட்டியலில் இரு பத்திகள் (நெடுவரிசைகள்) போட நினைக்கிறோம். நோட்டீஸில் உள்ள வாசகம் அப்படியே தனிப் பத்தியில் இருக்கும். வரிசைப்படுத்தும்போது இது உதைக்குமா?

இதே வேலை செய்தவர்கள் உங்கள் பட்டியலின் தலைப்பு வரியை மட்டும் இங்கே போட்டால்கூடப் போதும்.