போனெட் லேசாதான் நசுங்கியிருக்கு, ஆனா மூணு விலா முறிவு. எப்ப ஊட்டிக்கு ஏறலாம்?

ஊட்டிக்குளிர்:
பர்லியார் பக்கம் கார் பாறையில நேரா மோதிடுச்சு. வேகம் 40க்குள்ளதான். முன்சீட்ல இருந்த மாமாவுக்கு வயசு 66, பெல்ட் போட்டிருந்தார். இடது பக்கம் 4, 5, 6ஆம் விலா முறிவு. நுரையீரலுக்கு வெளியே காத்து சேர்ந்ததால கோவையில டியூப் வச்சிருக்காங்க. காருக்குப் பெரிய சேதமில்லை, இவருக்கு மட்டும் எப்படி இவ்வளவு அடி? வீடு ஊட்டியில. எப்ப கூட்டிட்டு வரலாம்?

விபத்துப்பிரிவு:
காரின் சேதத்தை வைத்து நெஞ்சின் அடியைக் கணிக்க முடியாது. வண்டி எவ்வளவு தூரத்துக்குள் நின்றது என்பதே முக்கியம். 40 கி.மீ. வேகத்தில் வந்த கார் அரை மீட்டர் நசுங்கி நின்றால், சராசரி வேகத்தணிப்பு (வேகம் குறையும் வீதம்) புவியீர்ப்பைப் போல சுமார் 13 மடங்கு. 20 செ.மீ.க்குள் நின்றுவிட்டால் 31 மடங்கு. பாறை அசையாது, போனெட்டும் அதிகம் நசுங்கவில்லை. மிச்சத்தை பெல்ட் வழியாக விலா எலும்புகள் வாங்கியிருக்கின்றன. அறுபதைத் தாண்டியவர்களுக்கு எலும்பு இளைஞர்களைவிட எளிதில் முறியும்.

பெல்ட்டைக் குறை சொல்லாதீர்கள், அது இல்லாவிட்டால் தலை கண்ணாடியில் போயிருக்கும். ஆனால் மலையில் ஒரு பழக்கம் உண்டு: தடிமனான ஸ்வெட்டர், ஜெர்கின் மேலேயே பெல்ட் போடுவது. உடல் அந்தத் தொளதொளப்பைக் கடந்து பெல்ட்டில் மோதும். ஜெர்கினைத் திறந்துவிட்டு, பெல்ட் காறை எலும்பின் (கழுத்துக்குக் கீழே தோள் வரை போகும் எலும்பு) நடுவிலும் இடுப்பெலும்பிலும் படியும்படி இழுத்து விடுங்கள்.

நுரையீரலில் கன்றல் இருந்தால் முதல் 2, 3 நாட்களில் மூச்சு மோசமாகலாம். முதல் நாள் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிட வேண்டாம்.

மேல்மலை:
ஏறும் விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கோவையிலிருந்து ஏறும்போது காற்றழுத்தம் குறைவதால், நெஞ்சுக்குள் மிச்சமிருக்கும் காற்று ஏறக்குறைய கால் பங்கு விரியும். நுரையீரலை மறுபடி அமுக்கும். பயணிகள் விமானத்தின் உள்ளழுத்தமும் கிட்டத்தட்ட ஊட்டி உயரத்துக்குச் சமம்தான், அதனால் விமானத்துக்குச் சொல்லும் விதி இதற்கும் பொருந்தும். டியூப் எடுத்தபின் எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதாக விரிந்தது உறுதியாகி, குறைந்தது 1 முதல் 2 வாரம் கழித்து, டாக்டர் சொன்னால் மட்டும் ஏறுங்கள். அதுவரை மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ தங்குவது நல்லது. "வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னால், வீடு ஊட்டியில் என்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

ஊட்டிக்குளிர்:
நன்றிங்க. மூணு பந்து இருக்கிற கருவி கொடுத்திருக்காங்க. மாமா பலமா ஊதுறார், பந்து ஏறவே மாட்டேங்குது.

மூச்சுப்பயிற்சி:
ஊதக்கூடாதுங்க, உறிஞ்சணும்! பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, முழுதாக மூச்சை விட்டபின் குழாயை வாயில் வைத்து மெதுவாக உள்ளிழுத்து, 3 நொடி நிறுத்தி விடணும். விழித்திருக்கும்போது மணிக்கு 10 தடவை. மூன்று பந்தும் ஏற வேண்டும் என்பதில்லை. முதல் பந்து நிதானமாக நின்றாலே போதும்.

வலி மாத்திரையை வலி வந்தபின் போடாமல் டாக்டர் சொன்ன நேரப்படி கொடுங்கள். வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி தங்கி நிமோனியா வரும். தலையணையை முறிந்த இடத்தில் அணைத்துப் பிடித்து இருமச் சொல்லுங்கள். நெஞ்சைச் சுற்றித் துணி, பெல்ட் இறுக்கிக் கட்டவே கூடாது. எலும்பு கூட ஏறக்குறைய 6 வாரம், வலி முழுதாகப் போக 3 மாதம் வரை ஆகலாம்.

ஊட்டிக்கு வந்தபின் குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பு வைக்காதீர்கள். ஆக்சிமீட்டரில் 94, 95 என்பது அந்த உயரத்தில் கவலைப்படத் தேவையில்லாத அளவு. 90க்குக் கீழே போனாலோ, மூச்சுத்திணறல் கூடினாலோ, காய்ச்சலோ ரத்தச் சளியோ வந்தாலோ உடனே 108.